பென்சிலில் எழுதிய முதல் விருப்பம்

பல்கலைக்கழகப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஆசிரியை, பிள்ளையின் மார்க்கை விடத் தகப்பனின் முகத்தைத்தான் அதிகம் படிக்க வேண்டும். என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரியும். அதனால் மாத்தளையில் நான் எல்லாப் படிவத்தையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவேன்.

ரயில் எட்டும் தூரம்

சாந்தி உக்குவளைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, கணக்கில் புலி. கட்டடக்கலைதான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அதற்குக் கொழும்புப் பக்கம்தான் போக வேண்டும். அவள் அப்பா முத்தையா, இறப்பர் பால் வெட்டுகிறவர், பேராதனையில் பொறியியலை முதல் விருப்பமாகப் போடச் சொன்னார். யுத்தம் நடந்த, கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகளைப் பொலிஸ் அறை அறையாகத் தேடிப் பிடித்த காலம் அது. எனக்குக் கோபம் வந்தது; ஏன் இப்படி என்று முத்தையாவிடமே கேட்டேன்.

"பேராதனைன்னா காலை ரயில்ல போயி பாத்துட்டு வந்துருவேங்க டீச்சர். கொழும்புல புடிச்சிட்டாங்கன்னா எந்தப் பொலிஸ் ஸ்டேஷன்னு போயி தேடுவேன்?"

பேராதனையையே முதலில் பென்சிலில் எழுதி வைத்தேன்.

நீளப் பொட்டலம்

கட்டடக்கலைக்குத் தனியாக ஒரு வரைதல் பரீட்சை உண்டு. அதையாவது எழுதட்டும் என்று கெஞ்சி, இருவரையும் நானே பஸ்ஸில் கூட்டிப் போனேன். கொழும்பு நெருங்கும்போது சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். வரைவதற்கான நீளமான டீ ஸ்கொயரைச் சாந்தி பழைய பேப்பரில் சுற்றி வைத்திருந்தாள். பொலிஸ்காரர் தள்ளி நின்று அதை அவிழ்க்கச் சொன்னார். நான் பாடசாலைக் கடிதத்தைத் தேடி எடுப்பதற்குள், முத்தையா முன்னால் போய்ச் சிங்களத்தில் சொன்னார்:

"மாத்தயா, இது வீடு வரையிற கட்டை. என் மக படிச்சு வந்தா ஒங்களுக்கும் ஒரு வீடு வரைஞ்சு குடுப்பா."

ஏழு பேர் அறை

பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். பரீட்சையில் அவரவர் வீட்டை அளவோடு வரையச் சொன்னார்களாம். பக்கத்துப் பிள்ளைகள் மாடிப்படி வரைய, சாந்தி தங்கள் லயக் காம்பராவை, தோட்டத்து வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையை, வரைந்திருக்கிறாள். அளவு தப்பவில்லையே என்று கேட்டேன்.

"ஏழு பேரு படுக்கிற எடம் டீச்சர். ஒவ்வொரு அங்குலமும் எனக்குத் தெரியும்."

பேனா

அதைச் சொன்னபோது முத்தையாவும் பக்கத்தில் இருந்தார். படிவம் அனுப்ப இரண்டு நாள் இருக்கையில் பாடசாலைக்கு வந்தார். பேராதனை என்று எழுதியிருப்பது எது என்று கேட்டு, அழிறப்பரை வாங்கித் தன் கையாலேயே அழித்தார். பயம் போய்விட்டதா என்றேன்.

"பயம் இருக்குங்க டீச்சர். அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க பேனாவால எழுதுங்க."

இத்தனை வருஷப் படிவ வேலையில் எனக்கு மிச்சம், வீட்டுக்கு வரும்போதெல்லாம் "ஒங்க குசினிக் கதவு தப்பான பக்கம் தொறக்குது டீச்சர்" என்று குறை சொல்ல ஒரு கட்டடக் கலைஞர்.