ஆமாம்மா, ஆமாம்

மாடி வீட்டு லேத்துக்காரர் முப்பத்திரண்டு வருடம் பட்டறையில் இரும்பு கடைந்தவர். அந்த இரைச்சல் அவர் காதில் பாதியைத் தின்றது. மீதியை வயது பார்த்துக்கொண்டது. மனைவி அடம்பிடித்துக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தாள். அதை பீரோவில் பூட்டிவிட்டு, மகளுக்குத் தெரியவே கூடாது என்றும் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வீம்பு! யார் எது கேட்டாலும் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிச் சமாளிப்பார். கீழ்வீட்டில் இருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மனைவி இருந்தவரை பக்கத்தில் நின்று உரக்கத் திருப்பிச் சொல்வாள். அவள் போன பிறகு அந்த வீட்டில் பேச்சு என்பதே மகளின் ஞாயிற்றுக்கிழமை போன்தான். அதற்கு சனிக்கிழமையே போனை சார்ஜில் போட்டுவிடுவார்.

மகள் வழக்கமாக ஊருக்கு வரும் லீவு வந்தது. படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் போட்டுவிட்டு, ஒரு வாரம் பால்கனியிலேயே நின்றார். மகள் வரவில்லை, போனும் வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அவளைக் கூப்பிட்டு, பெற்ற அப்பாவை இப்படியா விடுவது என்று பிடிபிடியென்று பிடித்தேன்.

"அத்தை, என்ன பேசினாலும் அவர் ஒட்டாமலே பதில் சொன்னார். அதான் நான் வர வேணாமான்னு கேட்டேன். ஆமாம்மா, ஆமாம்னுட்டார்," என்றாள்.

'வரணுமா' என்று காதில் விழுந்திருக்கிறது மனுஷனுக்கு.

மாடிக்குப் போய், அவள் கேட்டதை அப்படியே ஒரு தாளில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நான் போய் அப்படிச் சொல்வேனா?" என்றார். சொன்னது நீங்கள்தான் என்று அவரையே கைகாட்டினேன். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் கோபம் அதைவிட அதிகம்.

அவரே பீரோவைத் திறந்தார். நான் மருந்துக்கடைக்கு ஓடி மெஷினுக்கு பேட்டரி வாங்கி வந்தேன். மாட்டிக்கொண்டதும் மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"எனக்குக் காது கேக்கலைம்மா. ரொம்ப நாளா," என்றார்.

மகள் கேட்டாள்:

"அப்போ, போன வருஷம் வயித்துல இருந்த குழந்தை தங்கலைன்னு சொன்னேனேப்பா? ஆமாம்மா, ரொம்ப சந்தோஷம்னீங்களே?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் அது அப்போதுதான் தெரியும். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இப்போ சொல்லும்மா," என்றார்.

அவள் சொல்லவில்லை, அழுதாள். ஒரு வருடம் கழித்து அந்த அழுகை அவர் காதில் விழுந்தது.