கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு மாமனார்

காற்பந்து ஜெர்சியின் முதுகில் பெயர் ஒட்டிக் கொடுப்பது, ஊராரின் நம்பிக்கையைச் சூடு வைத்துத் துணியோடு சேர்க்கிற தொழில். லிட்டில் இந்தியாவில், குவீன் ஸ்திரீட்டில் ஒரு புடவைக் கடையின் மாடியில் என் கடை இருக்கிறது. எங்கள் ஊர்க் குழு ஜெயித்த மறுநாள் மாடிப்படி வரைக்கும் வரிசை நிற்கும். ஆகவே பெரும்பாலான நாள்களில் நான் புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். நீங்களும் இந்தக் குழுவின் ரசிகர் என்றால் உங்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. வேறு ஊர்க்காரர் என்றால் உங்கள் ஊர்க் குழுவை நினைத்துக்கொண்டு படியுங்கள். இந்தத் துக்கம் எல்லா அளவிலும் கிடைக்கும்.

பதினான்கு எழுத்து

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். குழுவுக்குப் புதிதாக ஒரு வெளிநாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரர் வந்திருந்தார். அவருடைய பெயரை ஒட்ட வேண்டும். பெயரில் பதினான்கு எழுத்து. இப்படிப்பட்ட பெயர்களை நேர்கோட்டில் ஒட்டினால் இரண்டு அக்குளுக்குள்ளும் போய்விடும், வளைத்துத்தான் ஒட்ட வேண்டும் என்றேன். பொதுவாகப் பெயர் எவ்வளவு நீளமோ ஒப்பந்தம் அவ்வளவு குட்டை என்றும் சொன்னேன். ஆசிரியைகளுக்கு அறிவுரை சொல்வது வீண். ஒட்டிக்கொண்டு போனார்.

இரண்டே மாதத்தில் அந்த ஆட்டக்காரர் முழங்கால் வலி என்று விமானம் ஏறினார். ஆசிரியை ஜெர்சியோடு திரும்பி வந்தார். சூடு காட்டி ஒவ்வோர் எழுத்தாக உரித்தேன், பசை போக்கும் மருந்து போட்டுத் துடைத்தேன். எழுத்து போயிற்று, பதினான்கின் தடம் மட்டும் அப்படியே இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஒரு கோல் கூட அடிக்காத ஆளு, சட்டையில மட்டும் எப்படி சார் இப்படி உக்காந்துக்கிட்டான்?"

பிரான்சிஸ் அண்ணன்

பிரான்சிஸ் அண்ணன் பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஆண்டுக்கு ஒருமுறை, ஆட்டப் பருவம் தொடங்குமுன் ஃபெர்ரி ஏறித் தீவிலிருக்கும் என் கடைக்கு வருவார். முப்பது வருடமாக அரங்கில் அவருடைய இடம் ஒன்றே: நகரப் பக்கத்துக் கோல் கம்பத்துக்கு நேர் பின்னால், மூன்றாவது படி. ஆளுயரம் குறைவு, குரல் அதற்கு ஈடு. அவருடைய வேலை கோல்கீப்பரைத் திட்டுவது. மற்ற பத்துப் பேரை அவர் மனிதர்கள்தானே என்று மன்னித்துவிடுவார்.

முதல் தடவை வந்தபோது, முதுகில் தன் சொந்தப் பெயரையும் கீழே ஒன்றாம் எண்ணையும் ஒட்டச் சொன்னார். ஒன்றாம் எண் கோல்கீப்பருக்கு உரியது என்று நான் நினைவூட்டினேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அவர் கோபப்படவில்லை. "அதான் தம்பி. கோலுக்கு ஒரு ஆளு இருக்கணும் லா" என்றார்.

சம்பந்தம்

ஒருநாள் பருவமும் இல்லை, ஆட்டமும் இல்லை, பிரான்சிஸ் அண்ணன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் ரீட்டா ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். பையன் கெப்பாலா பத்தாஸ்காரன், இந்து. தேவாலயத்தில் ஒன்று, கோயிலில் ஒன்று என்று இரு வீட்டாரும் பேசி முடித்துவிட்டார்களாம். பிறகு என்ன குறை என்று கேட்டேன். பையன் பெயர் லோகன் என்றார். எந்த லோகன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் குழுவின் கோல்கீப்பர் பெயர் அது. போன மாதம்தான் கார்னர் பந்துக்குத் தாமதமாக வெளியே வந்ததற்காக இவரிடம் நாற்பத்தைந்து நிமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

மதத்தைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. வேறொன்று உறுத்தியது. "மாப்பிள்ளைன்னா மரியாதை குடுக்கணும். கோல்கீப்பர்னா திட்டணும். நான் அங்க போயி எதைச் செய்யுறது, சொல்லு?"

மரியாதைப் பன்மை

கல்யாணம் நடந்தது. அவர் ஒரு வழியும் கண்டுபிடித்தார். அடுத்த ஆட்டத்தில் நான் நாலு படி மேலே உட்கார்ந்திருந்தேன். லோகன் ஒரு பந்தைக் கைநழுவ விட்டான். கீழேயிருந்து அந்தக் குரல் எழும்பியது: மாப்பிள்ளை, பந்து அங்க போவுது, நீங்க எங்க போறீங்க, உங்களுக்குக் கண்ணு தெரியுதுங்களா? அதே வசவு, அதே சூடு. விகுதி மட்டும் மாறியிருந்தது. எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன், மரியாதைப் பன்மைக்கு இப்படி ஓர் உபயோகத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. லோகன் திரும்பிப் பார்த்து, கையுறையோடு ஒரு கும்பிடு போட்டான்.

கெட்டது என்னவென்றால், கூட்டத்துக்கு அது பிடித்துவிட்டது. நாலாவது ஆட்டத்தில் முந்நூறு பேர் சேர்ந்து 'உங்களுக்குக் கண்ணு தெரியுதுங்களா' என்று ராகம் போட்டார்கள். மலாய்க்காரரும் சீனரும் பொருள் தெரியாமலே கூடச் சேர்ந்தார்கள். யாரோ கைப்பேசியில் எடுத்துப் பரப்பிவிட, ரீட்டா வேலை செய்யும் வங்கியில் அதைப் போட்டுக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அன்று மாலை அவள் அப்பாவிடம் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாளாம். அதை அவர் என்னிடம் அப்படியே சொன்னார். "'நீங்க திட்டுறது மைதானத்தோட முடிஞ்சிடுது, டேடி. அவரு அதைத் தூக்கிக்கிட்டுத்தான் வீட்டுக்கு வர்றாரு'ன்னா."

பொட்டலம்

அந்தப் பருவத்தோடு லோகனின் ஒப்பந்தம் முடிந்தது; புதுப்பிக்கவில்லை. வேறொரு மாநிலக் குழு அவனை எடுத்துக்கொண்டது. ரீட்டாவும் கூடப் போனாள். அங்கே பெண் குழந்தை பிறந்தது. பிரான்சிஸ் அண்ணன் ஒரே ஒரு தடவை போய்ப் பேத்தியைத் தூக்கிவிட்டு வந்தார். பிறகு எல்லாம் கைப்பேசியில்தான்.

அடுத்த ஆண்டு எங்கள் குழு, எப்படியோ, கிண்ணப் போட்டியின் அரையிறுதிக்கு வந்துவிட்டது. எதிரே லோகனின் குழு. அரையிறுதி இரண்டு ஆட்டம், இரண்டின் கோலையும் கூட்டித்தான் கணக்கு. முதல் ஆட்டம் அங்கே நடந்தது. ஒரு கோலில் தோற்றோம். இரண்டாவது இங்கே. அதற்கு நாலு நாள் முன்பு பிரான்சிஸ் அண்ணன், ரீட்டா அனுப்பிய ஒரு பொட்டலத்தோடு என் மாடிக்கு வந்தார். உள்ளே எதிரணி ஜெர்சி, முதுகில் லோகன் பெயர். எழுத்துகளின் இடைவெளி சரியில்லை, ஓவும் ஜியும் ஒன்றையொன்று இடிக்கின்றன என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ரீட்டா போட்ட நிபந்தனையை அவர் சொன்னார்: அவள் குழந்தையோடு ஆட்டத்துக்கு வருகிறாள். ஜெர்சியைப் போடுவதும் போடாததும் அப்பாவின் இஷ்டம். ஆனால் அவர் குரல் கேட்கக் கூடாது. கேட்காவிட்டால் அரங்கிலிருந்து நேரே பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்குவாள். கேட்டால் அப்படியே திரும்பிப் போய்விடுவாள். மரியாதையாகத் திட்டினாலும் அதே கணக்குத்தானா என்று கேட்டிருக்கிறார். அதே கணக்குத்தானாம். வேண்டுமானால் அன்று வீட்டிலேயே இருந்துவிடலாமே என்றேன். அவர் அந்த ஜெர்சியை மடித்து மறுபடியும் பொட்டலத்துக்குள் வைத்தார். "அரையிறுதி தம்பி. செத்தவன் கூட வருவான் அன்னிக்கு."

எண்பத்தெட்டாவது நிமிடம்

எந்த ஜெர்சியும் போடாமல், ஞாயிறு பூசைக்குப் போவதுபோல் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். இடம் மட்டும் மாறவில்லை. ரீட்டா எதிர்ப்பக்கத்தில், விருந்தினர் கூட்டத்தில், குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாம் பாதியில் லோகன் எங்கள் பக்கத்துக் கம்பத்துக்கு வந்தான். வழக்கம்போல் திரும்பிப் படிகளைப் பார்த்தான். பிரான்சிஸ் அண்ணன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஒன்று விழுந்தால் போதும், கணக்கு நேராகிவிடும். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. படியில் இருந்த அத்தனை பேரும் பந்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள். அண்ணே, ஒண்ணு விடுங்க என்று கெஞ்சினார்கள். லோகன் இதே இடத்தில் அந்தக் குரலுக்குத் தடுமாறியதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அவர் கைக்குட்டையை மடித்து வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அரங்கமே ஊளையிட்டுக்கொண்டிருக்க, அந்தக் கம்பத்துக்குப் பின்னால் மட்டும் தேவாலயம்போல் இருந்தது.

லோகன் இடப்பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டான். ஆட்டம் அப்படியே முடிந்தது. கூட்டம் இறங்கும்போது, பல வருடம் அவர் பக்கத்தில் நின்று கத்திய ஒருவர், குரலை உயர்த்தாமல் கேட்டார்: "அண்ணே, நீங்க இன்னிக்கு யாரு பக்கம்?"

திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலை கடை திறந்தவுடன் வந்தார். கையில் எதுவும் இல்லை. அவருக்குக் காப்பி வரவழைத்தேன். ரீட்டா வந்தாளா என்று கேட்டேன். வந்திருக்கிறாள், லோகனும் இரண்டு நாள் விடுமுறை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான், குழந்தைக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்திருக்கிறது, அவர் விரலைத்தான் கடித்துப் பழகுகிறது. இதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். நல்லதுதானே அண்ணே என்றேன். தலையாட்டினார். காப்பியைத் தொடவில்லை.

ஒரு பெனால்டி போனதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும், உதைத்தவன் சரியாக உதைக்கவில்லை, காற்பந்தில் சத்தத்துக்கும் கோலுக்கும் தொடர்பு உண்டு என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை என்று நான் நீளமாக விளக்கினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்: "நேத்து சாப்பாட்டு மேசையில மாப்பிள்ளை சொல்றாரு, 'மாமா, நீங்க சத்தம் போடாததால பந்தை நிதானமா பாக்க முடிஞ்சுச்சு, ரொம்ப நன்றி'ன்னு. நன்றி சொல்றாரு தம்பி, எனக்கு."

பேத்தி வீட்டுக்கு வந்ததற்கும் கிண்ணம் ஊருக்கு வராமல் போனதற்கும் தான் ஒருவரே காரணம் என்று நம்புகிற மனிதரிடம், அடுத்த பருவத்துக்கு என்ன அளவு ஜெர்சி என்று கேட்பதைத் தவிர வேறு ஆறுதல் எதுவும் என் தொழிலில் இல்லை.