யார் வீட்டு நாய்?

எங்கள் தெருவில் ஏழு வீடு, ஒரே நாய். ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் எல்லாம் விசைத்தறி ஓட்டுகிற வீடுகள். காலையில் எதிர்வீட்டில் பழைய சோறு, மத்தியானம் எங்கள் வீட்டில் குழம்புச் சோறு, சாயங்காலம் கோடி வீட்டில் பிஸ்கட் என்று முறை வைத்துத் தின்று வளர்ந்தது. படுப்பது எங்கள் தறிக்கொட்டகை வாசலில். ஆனால் யார் நாய் என்று கேட்டுவிட்டால் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டோம்.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து வெறிநோய்த் தடுப்பூசி போட வந்தவர் அதைத்தான் கேட்டார். "எவரிதம்மா ஈ குக்க?" யாருடையது என்று சொன்னால் அந்த வீட்டார் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் காதெல்லாம் உண்ணி. தொட யாருக்கும் மனசில்லை. ஏழு வீடும் அடுத்த வீட்டைக் கை காட்டியது. "உண்ணிக்கும் மருந்து இருக்கு, அது மனுசங்களுக்கும் காய்ச்சல் கொண்ணாரும்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

இரண்டு மாசம் கழித்து என் வீட்டுக்காரருக்கு நாய்மேல் திடீர்க் கரிசனம். மருந்து வாங்கினாரா? இல்லை. தறியில் வழிகிற கழிவெண்ணெயை அதன்மேல் தடவி, உண்ணியைப் பிடுங்க உட்கார்ந்தார். எங்கள் ஆட்களுக்குக் கதவு கிறீச்சிட்டாலும் தறி எண்ணெய், முட்டி வலித்தாலும் தறி எண்ணெய். காதுக்குள் விரலை விட்டதும் நாய் கடித்துவிட்டது. நான் போய்ப் பார்க்கும்போது காயத்தில் மிளகாய்த்தூளை அப்பி, கழிவு நூலால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு மறுபடி தறியில் நிற்கிறார்!

"சோப்பு போட்டுக் கழுவுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"கடிச்ச எடத்துல தண்ணி படக்கூடாதுமே. நம்ம நாய்தானே, அதுக்கு இன்னா வெறியா புடிச்சிக்கினு கீது? தறியில கீற பாவு நூலு ஓடி முடியட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மெயின் சுவிட்சை அணைத்தேன். ஓடுகிற தறியை நான் நிறுத்தியது அன்றைக்குத்தான். அதற்குள் எதிர்வீட்டுக்காரி வந்து, வடமாலபேட்டையில் ஒருத்தர் பச்சிலை கொடுக்கிறார், பத்தியம் இருந்தால் போதும் என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் இவரை ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். வெறிநோய் வந்துவிட்டால் மருந்தே கிடையாது என்பது தெரியாத ஆளா இவர்?

ஆஸ்பத்திரியில் நர்சம்மா நூலை வெட்டி, மிளகாயைப் பார்த்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். கால் மணி நேரம் குழாயடியில் கையைக் காட்டச் சொல்லி, சோப்பு போட்டுக் கழுவவைத்தார். ஒவ்வொரு திட்டுக்கும் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"வீட்டு நாயா, தெரு நாயா?"

"எங்க நாய்தாம்மா" என்றார் இவர், யோசிக்காமல்.

"அதுக்கு ஊசி போட்டிருக்கா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஊசிக்காரர் வந்த அன்று இவர் நூல் வாங்கப் போயிருந்தார். வாசலில் நின்றது நான். என் காலை உரசிக்கொண்டு அந்த நாய் நிற்கும்போதே, "மாதி காது சார்", எங்களுது இல்லை என்று கையை விரித்தவள் நான்தான்.

"போடல" என்றேன். அப்புறம் அவரைத் திட்ட வாய் வரவில்லை.

அவருக்கு ஊசி போட்டு, மிச்ச ஊசிகளுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்கள். நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் கவனிக்கச் சொன்னார்கள்; வெறி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடுமாம், தண்ணீர்கூட விழுங்காதாம். எங்கள் வாசலில்தான் கட்டியிருக்கிறேன். இன்றைக்கு ஆறாம் நாள். எட்ட நின்றே தண்ணீர்ச் சட்டியை அதன் பக்கம் தள்ளிவிட்டு, அது குடிக்கிற வரைக்கும் அங்கேயே நிற்கிறேன்.