ஆறு நாசில், ஆறு பொட்டு

செண்பகராஜ் தன் லாரியை எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் முதலில் மகளின் நகப்பூச்சு பாட்டிலை எடுப்பார். எஞ்சினுக்கு டீசல் பாய்ச்சும் ஆறு நாசில்களிலும் யாருக்கும் தெரியாமல் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பார். நல்லதைக் கழற்றிப் பழசை மாட்டினால் பொட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

நாகலாபுரத்துக்காரர். நிலத்தை விற்று வாங்கிய அந்த லாரியை அவரிடம் தள்ளியவன், கியர் பாக்ஸில் மரத்தூள் போட்டுச் சத்தத்தை அடக்கியிருந்தான். அன்றிலிருந்து அவர் யாரையும் நம்பியதில்லை. பெட்ரோல் பங்கில் மீட்டரை நம்பாமல் டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பார்.

1998 ஜூனில் எஞ்சின் டக்டக்கென்று அடித்தது. கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டு மெக்கானிக் இன்னாசிராஜ் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“டேப்பட் தளர்ந்திருக்கு அண்ணாச்சி, வால்வு இடைவெளி கூடிப்போச்சு. இந்த எஞ்சினுக்கு அது ஆறிக் கெடக்கும்போதுதான் இடைவெளிய அளந்து வைக்கணும். வண்டிய விட்டுட்டுப் போங்க, காலையில வச்சுத் தாரேன்.”

ராத்திரி முழுக்க வண்டி எதற்கு? செண்பகராஜுக்கு அங்கேயே உறுத்தியது. ஆனால் மறுநாள் பதினோரு மணிக்குத் தீப்பெட்டி லோடு ஏற்ற வேண்டும். பிந்தினால் கம்பெனி வேறு லாரியைக் கூப்பிட்டுவிடும். மாதம் நான்கு நடை தூத்துக்குடி வாடகை அதோடு போய்விடும். விட்டுவிட்டுப் போனார்.

விடிந்ததும் வந்துவிட்டார். பொட்டுகள் ஆறும் இருந்தன. உள்ளே என்ன மாற்றினானோ? அவரிடம் எப்போதும் இன்னொரு சாவி உண்டு. ஸ்டார்ட் செய்து கேட்டார். பழைய டக்டக்தான். அணைத்துவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்தார்.

ஏழு மணிக்கு இன்னாசிராஜ் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“சுடுதே! யாரு ஸ்டார்ட் பண்ணுனது?”

“எனக்கென்ன தெரியும்? உன் ஒர்க்‌ஷாப்புதான?”

“சூட்டுல வச்சா கணக்கு நிக்காது. எம்புட்டு நேரம் ஓடுச்சுன்னு தெரிஞ்சா எப்ப ஆறும்னு சொல்லிருவேன். தெரியலன்னா மத்தியானம்தான்.”

“பதினோரு மணிக்கு லோடுவே!”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

செண்பகராஜ் லாரியை இரண்டு தடவை சுற்றி வந்தார். பிறகு டயரைப் பார்த்துச் சொன்னார்: “அஞ்சு நிமிசம் ஓடிருக்கும்.”

“டயரு சொல்லுச்சாக்கும்?”

“நாந்தாம்வே போட்டேன்.”

“தெரியும். டிரைவர் சீட்டுல உங்க துண்டு கெடக்கு, நேத்து ராத்திரி இல்ல. ஒம்பது மணிக்கு வச்சிருவோம்.”

ஒன்பதுக்கு எஞ்சின் மேல்மூடியைக் கழற்றிய இன்னாசிராஜ் நாசில்களைப் பார்த்துச் சிரித்தார். “எஞ்சினுக்கு மருதாணி வச்சிருக்கிய!”

செண்பகராஜ் சிரிக்கவில்லை. வால்வு ஒவ்வொன்றின் இடைவெளியிலும் அளவுத் தகட்டை அவர் கையாலேயே இழுத்துப் பார்க்கச் சொன்னார் இன்னாசிராஜ். பன்னிரண்டு வால்வையும் இழுத்தார். இரண்டை மறுபடியும் இழுத்தார்.

பத்தேகாலுக்கு எஞ்சின் சீராக ஓடியது. பணம் கொடுத்துவிட்டு, ஏறுவதற்கு முன் குனிந்து பொட்டுகளை எண்ணினார்.

“எல்லாம் இருக்கா அண்ணாச்சி?”

“இருக்கு.”

“நானும் எண்ணிட்டேன். என் ஸ்பேனரும் எல்லாம் இருக்கு. போயிட்டு வாங்க.”