முத்தையா சொன்ன எறும்பு

திருச்சுழி பஸ்ஸில் இன்று பக்கத்து சீட்டில் முத்தையா அண்ணன். தொண்ணூறுகளில் நான் மனநல வார்டு நர்ஸ்; அவர் அங்கே நோயாளி.

அப்போது ஒருநாள், "சிஸ்டர், நான் ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குது" என்றார்.

'இல்லாத எறும்பு தெரிகிறதாம்' என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்.

ஆறு மாதம் கழித்து எங்களுக்குச் சர்க்கரை நோய்ப் பயிற்சி கொடுத்தார்கள். அதன்பிறகுதான் போய்க் குனிந்து பார்த்தேன். எறும்பு இருந்தது. சோதித்தால், சர்க்கரையும் இருந்தது.

இன்று நான் சீரணி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்ததும் கேட்டார்: "சிஸ்டர், நீங்க சுகர் பாத்தீகளா?"

"எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே."

அருப்புக்கோட்டையில் ஏறிய அரை மணி நேரத்துக்குள் நான் காலி செய்திருந்த இரண்டு தண்ணீர் பாட்டிலையும் பார்த்தார். நம்பவில்லை.

நீங்களாவது நம்புகிறீர்களா?