செயலி விழுங்கிய சாக்ஸபோன்

மாலை மணி 6.10. திரையில் முதலில் தெரிந்தது, கண்மூடித் தலையாட்டும் என் ஆன்லைன் ஜாஸ் ஆசிரியர். அன்று மாணவர் கச்சேரிக்கான தேர்வு. திருக்கோகர்ணம் வீட்டிலிருந்து சாக்ஸபோனில் என் சொந்தக் கற்பனையில் மூச்சுமுட்ட வாசித்து முடித்தேன்.

"நடுநடுவே விடுறீங்களே மௌனம், அதுதாங்க உங்க பலம்" என்றார்.

நான் எங்குமே நிறுத்தவில்லை.

அடுத்த அறையில் தன் போனில் இயர்போன் மாட்டி வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்த கணவர் எழுந்து வந்தார். "ஏம்மா, அங்கிட்டு பாதிதான் கேக்குது. மிச்சத்தை யாருக்கு வாசிக்கிற?"

வீடியோ செயலி என் நீண்ட சுரங்களை இரைச்சல் என்று வெட்டியிருக்கிறது, நான்கு மாதமாக! இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். ஆசிரியர் பாதியில் கண்ணைத் திறந்தார்.

இப்போதெல்லாம் அந்த வசதியை அணைத்த பிறகே வகுப்பில் உட்காருகிறேன். மறுபடியும் முதல் பாடத்திலிருந்து நடக்கிறது.