பதினேழு வண்டிகளும் ஒரு லேபிள்காரனும்

பட்டாசு வெடிப்பது ஒரு நாள்தான். அதன் பெட்டிமேல் ஒட்டுகிற படத்துக்கு வருஷம் முழுக்க ஒருவன் அலைய வேண்டும். அந்த ஒருவன் நான். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸுக்கு லேபிள் ஆர்டர் எடுக்கிறேன். முப்பது வருஷமாகக் காலையில் சாத்தூர், மதியம் அச்சங்குளம், சாயங்காலம் விருதுநகர் என்று ஓடியதில் எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. வண்டி வாங்குகிற வியாதி. எல்லாம் இரண்டு சக்கரம்தான். இதுவரை பதினேழு.

உங்களில் சிலருக்கும் இது இருக்கும். நம்முடைய வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ரயில்வே கேட்டில் நிற்கும்போது பக்கத்தில் வந்து நிற்கிறவனுடைய டேங்கைப் பார்ப்போம். அவ்வளவுதான், அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் என் மனைவியின் பக்கம் சேர்ந்துகொள்வார்கள்.

கேட்டுக்கு முன்னால்

முதல் வண்டியை விருதுநகரில் ஒரு எண்ணெய்க் கடை சேல்ஸ்மேனிடம் பழையதாக வாங்கினேன். வெள்ளைப் புகை விடும். பின்னால் வருகிறவன் இருமிக்கொண்டே வருவான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதுவரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன கம்பெனிக்கு வண்டியில் போய் இறங்க வேண்டும், மேனேஜர் பார்க்க வேண்டும் என்று ஆசை. நேராக அச்சங்குளம் போய் ஒரு பட்டாசுக் கம்பெனியின் கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, நாலு பேர் திரும்பட்டுமே என்று ஒரு முறுக்கு முறுக்கினேன்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். சாவியைத் திருப்பி எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வண்டியை அவரே தள்ளிக்கொண்டு தூரத்து வேப்பமரம் வரை போனார். நான் பின்னாலேயே போனேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஸ்டாண்டைப் போட்டுவிட்டு மூச்சு வாங்க நின்றார். அவருடைய முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கி வழவழவென்று இருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். சொன்னார்: "தம்பி, கோவிச்சுக்கிறாதீக. ஒரு பொறி அங்கன பறந்துச்சுன்னா ஆர்டர் கேக்க நீங்களும் இருக்க மாட்டீக, குடுக்குறதுக்கு அவுகளும் இருக்க மாட்டாக."

பெண் பார்த்த வண்டி

ஜோதியைப் பெண் பார்க்கக் கறுப்பு வண்டியில் போனேன். நிச்சயத்துக்குச் சிவப்பு வண்டியில் போனேன். முகூர்த்தப் புடவை எடுக்கப் போகும்போது நீல வண்டி. எனக்கு இதில் ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை. கறுப்பு வண்டிக்கு நல்ல ஆள் வந்தான், கொடுத்தேன். சிவப்பு வண்டி ஏனோ கைக்கு அமையவில்லை.

ஜோதியின் அப்பா சாத்தூருக்குக் கிழக்கே கரிசல் காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர். ஒரே மண்வெட்டியை இருபது வருஷம் வைத்திருக்கிற ஆள். மாப்பிள்ளை ஆளை அசத்த வாடகை வண்டியில் வருகிறான் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியதும் அவர் ஒரு நாள் பஸ் ஏறி எங்கள் பிரஸ்ஸுக்கே வந்துவிட்டார். முதலாளியிடம் தனியாகப் பேசினார். நான் மிஷினுக்குப் பின்னால் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். பையன் யோக்கியன், வண்டி மேலே மட்டும் கொஞ்சம் கிறுக்கு என்று முதலாளி சொன்னாராம். கல்யாணம் நடந்தது.

மறுவீடு முடிந்து திரும்பிய அன்று ஜோதி என்னிடம் முதன்முதலாக ஒன்று கேட்டாள். நகை கேட்பாள், சினிமா கேட்பாள் என்று நினைத்தேன். "வண்டிய மாத்துங்க, வேண்டாங்கல. மாத்துறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. யாரோ வேத்தாளு வண்டின்னு நெனச்சு நான் கதவத் தொறக்காம இருந்துறக் கூடாதுல்ல" என்றாள்.

சத்தம்

ஒரு வண்டி வாங்கி ஆறு மாசம் ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று நிலைகொள்ளாமல் போய்விடும். முதலில் சீட் உறுத்தும். பிறகு ஹாரன் பிடிக்காது. கடைசியில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். ஆறாவது வண்டியில் அறுபதைத் தொட்டால் இடது பக்கம் 'டிக் டிக்' என்று கேட்டது. மெக்கானிக் கருப்பசாமியிடம் கொண்டுபோனேன்.

கருப்பசாமி பொறுமைசாலி. செயினை மாற்றினான், பேரிங் மாற்றினான். என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நாற்கர சாலையில் மூன்று தடவை போய் வந்தான். "இப்ப கேக்குதா?" என்பான். "கேக்குது" என்பேன். கடைசியில் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, ஒரு பக்கமாகக் குத்தவைத்து உட்கார்ந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, வண்டியில ஒண்ணுமில்ல. ஓங்களுக்குத்தான் உள்ள ஏதோ கேக்குது. அதுக்கு எங்கிட்ட ஸ்பானர் இல்ல."

மூன்றாம் நாள்

ஒன்பதாவது வண்டி நான் முதன்முதலாக ஷோரூமில் புதிதாக எடுத்தது. மாலை போட்டுக் கொடுத்தார்கள். சீட்டின் மேல் இருந்த பாலித்தீன் உறையைக் கிழிக்க மனசு வராமல் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், சாத்தூர் பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு வெளியே மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு டிசைன் பையை எடுத்துக்கொண்டிருந்தபோது தரை ஒரு முறை அதிர்ந்தது. பிறகுதான் சத்தம். கம்பெனியின் கடைசி ரூம்களிலிருந்து சாம்பல் நிறப் புகை எழுந்தது. ஆட்கள் வேலி தாண்டி ஓடி வந்தார்கள். எத்தனை பேர் வரவில்லை என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

முதலில் வந்த ஆம்புலன்ஸில் நினைவில்லாதவர்களை ஏற்றினார்கள். முத்துமாரி என்கிற பெண் நடந்தே வெளியே வந்தாள். முதுகிலும் இடது கையிலும் நெருப்புக் காயம். நிற்கிறாளே என்று அவளை யாரும் பார்க்கவில்லை. அவள் தங்கச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணே, வண்டி யாருது?" என்றாள். நடுவில் முத்துமாரி, பின்னால் அவளைத் தாங்கிக்கொண்டு தங்கச்சி. பாலித்தீன் உறையில் முத்துமாரி வழுக்கி வழுக்கிச் சரிந்தாள். தங்கச்சி நகத்தாலேயே அந்த உறையைக் கிழித்து எறிந்தாள். வேகத்துக்கென்றே வாங்கிய வண்டி அது. ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகுக்குப் பின்னால் முனகல் கேட்க, நான் இருபதில் உருட்டிக்கொண்டு போனேன். அப்போது முத்துமாரி என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு, "வெரசாப் போங்கண்ணே. குலுங்குனாக் குலுங்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு சாத்தூர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

சீட்டை மூன்று தடவை கழுவினேன். உறையை மாற்றினேன். பிறகு சீட்டையே மாற்றினேன். ஏறி உட்கார்ந்தால் தோளில் அந்த நெற்றி இருந்தது. ஒரு மாசத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். கழற்றிய சீட்டையும் வாங்கினவனே கேட்டு எடுத்துக்கொண்டான். இரண்டு வருஷம் கழித்து, வேறொரு கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற ரூம் வாசலில் ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். முத்துமாரி. இடது கை விரல்கள் மூன்று மடங்காது. நலம் விசாரித்தாள். என் வண்டியை எட்டிப் பார்த்தாள். வேறு வண்டி. அவள் முகம் மாறியது. "அந்த வண்டிய ஏண்ணே வித்தீக? நான் உசுரோட வந்த வண்டில்ல அது."

பால் கேன்

அந்தக் கேள்வியோடு என்னால் இருக்க முடியவில்லை. ஆர்டர் எடுக்கிற ஊர்களிலெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன். வண்டி மூன்று கை மாறியிருந்தது. கடைசியில் இருக்கன்குடி பக்கத்தில் ஒரு பால்காரரிடம் இருந்தது. இரண்டு பக்கமும் கேன் தொங்கக் கம்பி வைத்து வெல்டிங் அடித்திருந்தார். வண்டியோடு கைமாறி வந்த பழைய சீட்டையே திரும்பப் போட்டிருந்தார். அதுதான் மெத்தென்று இருக்கிறதாம். திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் வண்டியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலையில் நாற்பது வீட்டுக்கு இது போக வேண்டும், விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார். பார்க்கிறதென்றால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்.

ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை முத்துமாரி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குத் தங்கச்சியோடு வந்தாள். நான் கூட்டிக்கொண்டு போனேன். பால்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கேன்களைக் கழற்றி இறக்கி, வண்டியை வெயிலிலிருந்து நிழலுக்குத் தள்ளி வைத்தார். முத்துமாரி மடங்காத விரல்களால் சீட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினாள். அழுவாள் என்று நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை. தங்கச்சியிடம் ஆச்சரியமாகச் சொன்னாள்: "என்னடி இது இம்புட்டுத்தான் இருக்கு. அன்னைக்கு ஒரு தெரு நீளத்துக்கு இருந்துச்சு."

ஜோதியின் ஸ்கூட்டர்

ஜோதி ஒரு காலண்டர் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். அவள் சம்பளத்தில் வாங்கிய ஸ்கூட்டர் ஒன்று பன்னிரண்டு வருஷமாக வீட்டில் நிற்கிறது. அதே கலர், அதே கண்ணாடி. காலையில் வாசலில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லாமல் ஒருவனை வீட்டுக்கே கூட்டி வந்து ஸ்கூட்டரைக் காட்டினேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டு மாடியிலிருந்து பார்த்துவிட்டாள்.

கீழே வந்து வந்தவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. எங்கள் மகள் சென்னையில் வேலையில் இருக்கிறாள்; அவளிடம் மட்டும் போனில் பேசினாள், அதுவும் எனக்குக் கேட்காத மாதிரி மெதுவாக. சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் சாப்பாடு வைக்கும்போது பேசினாள்: "நீங்க வித்த அத்தனை வண்டியிலயும் பின்னாடி நான் உக்காந்திருக்கேன். நெறமாசமா உக்காந்திருக்கேன், கைப்பிள்ளையோட உக்காந்திருக்கேன். மக வந்து எதும்மா அந்த வண்டின்னு கேட்டா, காட்டுறதுக்கு ஒண்ணுங் கெடையாது. இந்த ஒண்ண விட்டுருங்க."

விட்டுவிட்டேன். இப்போது வாரம் ஒரு முறை நானேதான் அதைத் துடைக்கிறேன். துடைக்கும்போது வேறு எதையும் நினைக்காமல் இருக்க முயற்சி செய்கிறேன்.

பதினேழு

போன வருஷம் இடுப்புக்குக் கீழே வலது கால் மரத்துப்போனது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி வண்டி வேண்டாம் என்றார். பிரஸ்ஸில் முதலாளியின் மகன் எனக்கு ஏசி ரூமில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தான். டிசைன், புரூஃப், ஆர்டர் எல்லாமே போனில் போய்ப் போனில் வருகிறது. மரியாதைக்குக் குறைவில்லை. பன்னிரண்டு நாள் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே ரோடு தெரியும். ஒவ்வொரு வண்டியும் என்ன மாடல் என்று சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் பெண் ஹெட்போன் வாங்கிக்கொண்டாள்.

பதின்மூன்றாம் நாள் டாக்டரிடம் போய், எடை குறைவான வண்டி என்றால் பரவாயில்லையா என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் நான் பார்த்து வைத்திருந்த வண்டியின் எடையையும் சொல்லிவிட்டேன். ஜோதியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னேன். அவள் டாக்டர் கொடுத்திருந்த இடுப்புப் பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பட்டையைக் கட்டிக்கொண்டு பதினேழாவது வண்டியில் அச்சங்குளம் போனேன். மரத்தடியில் நிறுத்தி, போனைக் கேட்டில் கொடுத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய் மேனேஜர் முன்னால் புரூஃபை விரித்தேன். சின்னப் பையன், நல்ல பையன். எழுந்து நின்று எனக்கு உட்கார இடம் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "அண்ணாச்சி, இத நான் காலையிலயே போன்ல ஓகே பண்ணிட்டேனே. பெறகு எதுக்கு இம்புட்டு தூரம் வந்தீக?"

எங்கே போவதற்காக இத்தனை வண்டி வாங்கினேன் என்பது இன்றுவரை எனக்கே தெரியாது. சாத்தூருக்கும் விருதுநகருக்கும் நடுவில் உள்ள பெட்ரோல் பங்க்காரர்கள் மட்டும் என்னைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுகிறார்கள்.